மூன்றாள் ஆழத்தில் நடந்தது

போன வியாழக்கிழமை கம்பம்மெட்டில் முழங்கால் உயரக் கம்பூட்ஸ் வாங்கப் போயிருந்தேன். மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் அட்டை தாங்காது. டூரிஸ்ட்டுகளை அழைத்துக்கொண்டு நாளைக்கு நாலு தடவை ஏலச் செடிகளுக்கு நடுவே நடக்கிறவள் வெறும் செருப்போடு போனால் கால் முழுக்க ரத்தம்தான். கடைக்காரர் புது ஜோடியைப் பிளாஸ்டிக் பையிலிருந்து உருவி என் முன்னால் வைத்தார். அளவு பார்க்கக் குனிந்தேன். அந்தப் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு மூச்சு நின்றுபோனது. மெய்யாகவே நின்றது. கடைக்காரர், "எந்தா சேச்சி, பிரஷரா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பிரஷர் இல்லை. கோவளத்துப் படகில் நம் இருவர் முகத்திலும் மாட்டிவிட்டார்களே, அந்த முகக் கண்ணாடியின் ஓரத்து ரப்பர். வாயில் கடிக்கச் சொன்னார்களே, அந்தக் குழாய். அதே வாசனை. கம்பூட்ஸை வாங்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அதற்கும் முன்னால் ஒரு நாலு வருஷம். ஆக ஆறு வருஷமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். இனியும் சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. கடலுக்கு அடியில் உன் வாயிலிருந்து காற்றுக்குழாய் கழன்றதே, அது தானாகக் கழலவில்லை. நீ பயந்துபோய் வாயைத் திறக்கவும் இல்லை. இழுத்தது நான்.

அப்பாடா. எழுதிவிட்டேன். எழுதினால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன், இன்னும் படபடவென்றுதான் அடிக்கிறது.

என்னை உனக்குத் தெரியும். நான் பிறவியிலேயே பயந்தவள். பாலக்காட்டுச் சித்தூரில் கல்லூரி சேர்ந்த முதல் நாளே நீ அதைக் கண்டுபிடித்துவிட்டாய். மலைமேல் சக்குபள்ளத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்திறங்கி, எந்த வகுப்பு எங்கே என்று கேட்கக்கூட வாய் வராமல் வராந்தாவில் நின்றேன். நீ பக்கத்து ஊர்க்காரி, சைக்கிளில் வந்து இறங்கினாய். என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்து மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க ஏலக்கா, எந்த ஊருங்க?" என்றாய். துணிக்கு நடுவே அம்மா போட்டு அனுப்பிய ஏலக்காயின் வாசனை. அன்றையிலிருந்து உனக்கு நான் ஏலக்காதான். என் சொந்தப் பெயரைச் சொல்லி நீ கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

நான் ‘அங்கிட்டு’ என்றால் நீ ‘அக்கட்ட’ என்று திருத்துவாய். நீ ‘ஊட்டுக்கு’ என்றால் நான் சிரிப்பேன். மூன்று வருஷம் அப்படியே போனது. படிப்பு முடிந்ததும் உன்னைப் பக்கத்திலேயே ஒரு பண்ணையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நெல், தென்னை, நாலு மாடு, ஒரு பெரிய கிணறு. நான் மலைக்கே திரும்பிவிட்டேன். என் கல்யாணம் என்ன ஆயிற்று என்பதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை, அதை எழுதி உன்னைக் கோபப்படுத்த மாட்டேன். அவரை விட்டு வந்த அந்த வருஷம் முழுக்க, நாள் தவறாமல் போன் பண்ணிச் சாப்பிட்டாயா என்று கேட்டவள் நீ ஒருத்திதான். அதற்குப் பிறகு வருஷத்தில் இரண்டு தடவை, லீவு கிடைத்தால் மூன்று தடவை, உன் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வந்தால் அந்தக் கிணறு. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு மேல் கல்லிலிருந்து தொபுக்கடீர் என்று குதிப்பாய். உள்ளேயே கிடப்பாய். நான் மேலே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முப்பது தாண்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். நீ எழும்பி வந்து முகத்தைத் துடைத்தபடி, "எத்தினி?" என்று கேட்பாய். நாற்பத்திரண்டு என்றால், "ச்சை, வயசாயிப்போச்சு" என்பாய். அந்த ஊரில் உன் அளவுக்கு மூச்சுப் பிடிக்கிறவர்கள் ஆம்பளைகளிலேயே கிடையாது என்று அண்ணனே, உன் வீட்டுக்காரரே, பெருமையாகச் சொல்லுவார்.

கடலுக்குப் போகும் யோசனை உன்னுடையதுதான். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினாய். தலை நரைத்த ஒரு அம்மா முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன்களுக்கு நடுவே போகிறாள். அனுப்பின அடுத்த நிமிஷமே கூப்பிட்டாய்.

"ஏலக்கா, நாப்பத்தஞ்சு ஆச்சு. பேரன் பேத்தி வந்து இடுப்புல ஏறிக்கறதுக்கு மிந்தி ஒருக்காக் கடலுக்குள்ளார போயி மீன் மூஞ்சியப் பாத்துப்போட்டு வந்தரலாம்."

"அடியே, எனக்கு நீச்சலே தெரியாது. செத்துப்போவேன்."

"அதுக்கு நீச்சலே வேண்டாமாமா. பின்னால ஒருத்தரு புடிச்சுக்குவாராமா. காசு கட்டி ஆராச்சும் சாவாங்களா? வெசனக்காரி!"

உன் மகள் பாப்பா இரண்டு முகக் கண்ணாடியும் வாயில் வைக்கும் வளைந்த குழாயும் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்திருந்தாள். பழகுவதற்கு நீ என்னைக் கிணற்றில் இறக்கப் பார்த்தாய், நான் படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போனால் போகிறது என்று பம்ப்செட் தொட்டியில் இறக்கினாய். இடுப்பில் தாம்புக்கயிறு வேறு. இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்திக்குக் கயிறு! முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

"என்ன தெரியுது?" என்று மேலேயிருந்து கேட்டாய்.

"என் காலு."

"கடல்லயும் அதேதான் தெரியும். சேத்து நாலு மீனு, அவ்வளவுதான்."

அண்ணன் வரப்பிலிருந்து, "ஏனுங்கம்முணி, மோதிரம் ஏதாச்சும் உளுந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

பாலக்காட்டில் ரயில் ஏறி, ஒருவழியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் மேலோட்டமாக மிதந்து பார்ப்பது மட்டும்தான். பாறை ஓரமாகக் கழுத்தளவு தண்ணீர். என்னை ஒரு காற்றடித்த வளையத்தில் சாத்திவிட்டு, கண்ணாடியை மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார்கள். முதல் ஐந்து நிமிஷம் என் மூச்சுச் சத்தம் தவிர எனக்கு வேறெதுவும் இல்லை. புஸ், புஸ் என்று எனக்குள்ளேயே யாரோ அடுப்பு ஊதுகிற மாதிரி. அப்புறம் ஒரு மஞ்சள் மீன், உடம்பில் கறுப்புக் கோடு போட்டது, என் கண்ணாடி வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையைத் தூக்கி உன்னைத் தேடினேன். நீ வளையமும் இல்லாமல் கவிழ்ந்து கிடந்தாய், சரியாகப் போட்ட கோலம் மாதிரி கை கால் விரித்து, அசையாமல். அந்த ஒரு சாயங்காலம் எனக்குப் பயமே இல்லை. நாளைக்கு அடியில் போகலாம் என்று நீ சொன்னபோது சரியென்று தலையாட்டினவள் அந்தச் சாயங்காலத்துக்காரிதான். காலையில் விழித்தபோது பழையபடி நானாகிவிட்டேன்.

கருப்பு ரப்பர் உடுப்பை என் மேல் ஏற்ற நீயும் இன்னொரு பெண்ணும் பட்ட பாடு. முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட, "மூச்ச உள்ள இழு... இன்னும் இழு... ஏலக்கா, தீபாவளிக்கு நீ தின்ன முறுக்கு அல்லாம் இங்கதான் இருக்குது" என்றாய். நான் சிரிக்கவில்லை. ஒரு படிவம் கொடுத்து, ஆஸ்துமா உண்டா, இதயநோய் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

சொல்லிக்கொடுத்தவருக்கு நாற்பது வயது இருக்கும், தாடிக்காரர், மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகணும்’ என்று அர்த்தம், நன்றாக இருக்கிறது என்று சொல்ல விரலை வளையமாக்கிக் காட்ட வேண்டும் என்றார். அப்புறம் காது. "மலை இறங்கும்போ காது அடைக்குமில்லே சேச்சி, அது போலத்தான். மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதணும்." நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இவ மலைக்காரிங்க. இவளுக்குச் சொல்ல வேண்டாம்" என்றாய். அவர் அடுத்துச் சொன்னார், "வாயில ஒண்ணும் பாடில்லா, இருக்கக்கூடாது. மிட்டாயி, பபிள்கம், ஒண்ணும்." நான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

ஆனால் அவர் ‘மலை இறங்கும்போது’ என்று சொன்னாரே, அங்கேயே என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. கம்பம்மெட்டிலிருந்து கம்பத்துக்கு வளைவு வளைவாக இறங்கும் ரோட்டில் காது அடைத்தால் எங்கள் ஊரில் யாரும் மூக்கைப் பிடித்து ஊதமாட்டார்கள். பஸ் ஏறும்போதே கன்னத்தில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொள்வோம். காது அடைக்கும்போது ஒரு கடி, ஒரு முழுங்கு, திறந்துவிடும். வாந்தியும் வராது. பிறந்தது முதல் அப்படித்தான். எனக்கு அது மருந்து இல்லை, தைரியம். என் பையில் எப்போதும் பத்து காய் கிடக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே. படகின் ஓரத்தில் உட்கார வைத்தபோது உனக்கு முதுகு காட்டித் திரும்பி, ஒரு காயை வாய்க்குள் போட்டு, அதன் மேல் ரப்பர்க் குழாயைக் கடித்துக்கொண்டேன். உனக்குத் தெரிந்தால் துப்பச் சொல்லியிருப்பாய்.

மூன்றாள் ஆழம் என்று சொல்லியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து இறங்கினோம். உன்னைக் கூட்டிப்போனவர் உனக்கு முன்னால், நீ நடுவில், உனக்குப் பின்னால் நான், என் சிலிண்டரைப் பிடித்தபடி எனக்குப் பின்னால் தாடிக்காரர். பாதியில் வலது காது குத்தியது. கடித்தேன். டப் என்று திறந்தது. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! இவர்களுக்குத் தெரியாத வித்தை எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று. தரையில் முழங்காலிட்டோம். வெள்ளை மணல். நீ திரும்பி என்னைப் பார்த்து விரலை வளையமாக்கிக் காட்டினாய். நானும் காட்டினேன். உன் ஆள் ஏதோ பாறை இடுக்கைக் காட்டிக் கூப்பிட, நீ அந்தப் பக்கம் திரும்பினாய்.

நான் அடுத்த மூச்சை இழுத்தேன். கடித்த காய் பிளந்திருந்தது. ஒரு விதை தொண்டைக்குள் போய்விட்டது.

இருமல் வந்தது. அந்தக் குழாய்க்குள்ளேயே இருமலாமாம், அது நல்ல காற்றுத்தானாம், அப்புறம் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருமினேன். கண்ணில் நீர் வந்து கண்ணாடி மங்கிப்போனது. காலை உதைத்தேன். மணல் எழும்பி எல்லாம் பால் மாதிரி ஆகிவிட்டது. கை எதையோ பிடித்தது. பிடித்ததை இழுத்தேன்.

இந்த இடத்தில் ‘தெரியாமல்’ என்று எழுதத்தான் கை போகிறது. முதலில் பிடித்தது தெரியாமல்தான். ஆனால் குழாய் கழன்று என் கைக்கு வந்து, அதிலிருந்து காற்று குபுகுபுவென்று என் முகத்தில் அடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. என் குழாய் என் வாயில் இருக்கிறது. அப்படியானால் இது உன்னுடையது. தெரிந்த பிறகும் நான் விடவில்லை. எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தாடிக்காரர் என்னைப் பின்னால் இழுத்த இழுப்பில்தான் அது என் கையிலிருந்து நழுவியது. நானாக விடவில்லை.

உன் ஆள் தன்னுடைய இன்னொரு குழாயை உன் வாயில் திணித்து மேலே கொண்டுவந்தார். படகில் குப்புறப் படுத்து நீ கடல்தண்ணீரைக் கக்கினாய். நான் இருமினேன், ஆனால் என்னை யாரும் பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஏலக்காய்த் தொலியை முழுங்கினேன். தாடிக்காரர் உன் முதுகைத் தடவி, "சேச்சி பேடிச்சு, பயந்துபோயி வாயைத் திறந்துட்டாங்க. சாரமில்லா, பரவாயில்லை. முதல் தடவை எல்லாருக்கும் உண்டு" என்றார். நீ வாயைத் துடைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாய்.

"ஆரோ இழுத்தாப்பல இருந்துச்சு, ஏலக்கா. நீ எம்பொறத்தாலதான இருந்தே? பாத்தியா?"

"இல்லடி. மணல் கலங்கிப்போச்சு. ஒண்ணுமே தெரியல."

அதுதான் பொய். ஒரு வரி. முதலில் அந்தத் தாடிக்காரர் திட்டுவாரே என்ற பயத்தில்தான் சொன்னேன், சத்தியமாக. கரைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கரைக்கு வந்ததும் ரயிலில் சொல்லலாம் என்று நினைத்தேன். ரயிலில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆலுவா தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்துவிட்டு, "எனக்கா பயம் வந்துச்சு? நெசமாவா?" என்று என்னிடமே கேட்டாய். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து உன்னிடம் நீட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால், காரணம் ஒன்றுதான். நீ என்னை விட்டுவிடுவாயோ என்று பயந்தேன். எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்டி.

அப்புறம் நடந்ததெல்லாம் என் கண் முன்னாலேயே நடந்தது. உங்கள் ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்திருந்தேன். சொந்தக்காரர், ஒறம்பரை எல்லாம் கூடியிருந்த பந்தியில் அண்ணன் கேலி பண்ணினார். "கெணத்துல முப்பது நாப்பது எண்ணற வரைக்கும் இருப்பாங்க. கடலுக்குப் போனாங்க, வாயப் பொளந்துபோட்டாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த மத்தியானம் நீ கிணற்றுப் பக்கம் போகவில்லை. தொட்டியில் மொண்டு குளித்தாய். அடுத்த தடவை வந்தபோதும் தொட்டிதான். என்னடி என்று கேட்டேன். "என்னுமோ, மூச்சு நிக்கறப்ப நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாய். அதற்கடுத்த வருஷம் கிணற்றின் மேல் வலை போட்டிருந்தார்கள். தென்னை மட்டை விழுகிறது என்று அண்ணன் சொன்னார். நீ இறங்குவதாக இருந்தால் அவர் வலை போட்டிருப்பாரா?

கடைசியாக, பாலக்காட்டு ஆஸ்பத்திரி. வயிற்றில் வந்த கட்டி நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் வைத்தால் கொஞ்சம் சுலபமாக இருக்கும் என்றார்கள். நர்ஸ் அதை முகத்தில் மாட்டிவிட்டுப் போவாள், நீ பிடுங்கி எறிவாய். மறுபடி மாட்டுவாள், மறுபடி எறிவாய். அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நாம் இருவர் மட்டும்.

"மூச்சு முட்டுது ஏலக்கா. அன்னிக்கிக் கடல்ல ஆனாப்பலயே ஆவுது. வேண்டாஞ் சொல்லு அவங்ககிட்ட."

"கொஞ்ச நேரம் வச்சுக்கடி. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

நீ சிரிக்கப் பார்த்தாய். "நாந்தான் பயந்தாங்கொள்ளியாச்சே. நீயுந்தான எங்கூட இருந்தே."

வாய் வரைக்கும் வந்தது. இல்லடி, நான்தான்டி, என்று இரண்டு சொல். அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார், இந்த நிலைமையில் உன்னைக் கலங்கடிப்பானேன், நாளைக்கு இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போது சொல்லலாம். பயந்தவளுக்குக் காரணமா பஞ்சம்? அந்த ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து உன் முகத்தில் வைத்து என் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், நம்பி. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

கம்பூட்ஸ் கடையிலிருந்து வந்த அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று மாறி மாறி உன் ஊர் வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வழி முழுக்க அண்ணனிடம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தாள்.

அண்ணன் பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இளைத்துப்போயிருக்கிறார். "வாங்கம்முணி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க. ஊட்டுக்கு வாங்க, காப்பி வெக்கறன்" என்றார். இப்போது அவரேதான் காப்பி வைக்கிறார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டீங்க. அதனால இங்கிட்டே சொல்லிடறேன்."

சொன்னேன். ஏலக்காய், இருமல், மணல், கை. தெரிந்த பிறகும் விடாததையும் சொன்னேன். படகில் நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"சித்த இருங்க. மோட்டாரை அமத்திப்போட்டு வாரன். மறுக்காச் சொல்லுங்க."

மோட்டார் நின்றது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தமும் நின்றது. அந்த அமைதியில் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் தென்னையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அப்ப... அவ பயப்படலீங்களா?"

"இல்லண்ணே."

"வாயத் தொறக்கலீங்களா?"

"இல்லண்ணே. நான் இழுக்குற வரைக்கும் அவ பாறைக்குள்ள மீன் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா."

அவர் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அமுக்கினார். கோயம்புத்தூரில் இருக்கும் பாப்பாவுக்கு. "பாப்பா, உங்கம்மா அன்னிக்கிக் கடல்ல பயப்படவே இல்லயாமா சாமி... ஆமா... சித்தி வந்திருக்குறாங்க, அவுங்களே சொல்றாங்க. நாந்தான் சாமி, கண்டபடி பேசிப்போட்டேன். அல்லாரு முன்னாடியும் பேசிப்போட்டேன். அவ அப்பிடியில்லயாமா." பேசப் பேசக் குரல் உடைந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். போனை என்னிடம் நீட்டினார். பாப்பா, "நெசமா சித்தி?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரிங்க சித்தி என்று வைத்துவிட்டாள். இதுவரைக்கும் கூப்பிடவில்லை. கூப்பிடுவாளா என்று தெரியவில்லை, போன் அடித்தாலே ஓடிப்போய் யார் என்று பார்க்கிறேன்.

அன்று அங்கேயே தங்கச் சொன்னார். காப்பி கொடுத்தார். பால்காரர் வந்தார், அவரிடம் சொன்னார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் போனார், அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். "எங்கூட்டுக்காரி பயப்படலீங்க. அது வேற ஆரோ இழுத்துப்போட்டாங்களாமா." அந்த ‘வேற ஆரோ’வான நான் கையில் காப்பி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை.

என் குற்றத்தைத்தான் இத்தனை வருஷம் ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் தைரியத்தைத்தான் ஒளித்து வைத்திருந்திருக்கிறேன். அதை எடுத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொள்ள நீ இல்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிட வந்தார். வண்டி வந்து நின்றதும் இரண்டு கையையும் கூப்பி, "இத்தினி தூரம் வந்து நல்ல சேதி சொல்லியிருக்கீங்கம்முணி. நீங்க நல்லா இருக்கோணும்" என்றார். திட்டு வாங்கப் போனவள் நான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு, அழுது, எங்காவது ஒரு இடத்தில் இறக்கி வைத்திருப்பேன். நீ இருந்தபோதே சொல்லியிருந்தால் நீயும் நானும் சேர்ந்து தூக்கியிருக்கக்கூடிய பாரத்தை, அந்த மனுஷன் கூப்பின கையோடு என்மேல் ஏற்றிவிட்டார். இதை எங்கே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.